மாமாவின் வலது கன்னம்

ஜூன் 22, ஞாயிறு. 1969

மேல்காற்று. புழுதி. காலை இட்லியோடு கள்ளிக்குப்பத்துப் புழுதியில் பாதியைத் தின்றோம். எஸ்தர் ஆராதனைக்கு. நான் மாமாவுக்குக் காவல்.

செய்ய வேண்டியவை:
கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய். போடவில்லை.
லைப்ரரி புத்தகம் திருப்ப. திருப்பவில்லை.
மாமாவுக்குச் சவரம். செய்தேன். செய்திருக்க வேண்டாம்.

மாமா, என் மனைவி எஸ்தரின் அப்பா, ரயில்வே கார்டாக இருந்தவர். வண்டி தாமதமாகப் போன நாள் உண்டு, சவரம் செய்யாத முகத்தோடு போன நாள் இல்லை என்பார். போன வருஷம் பக்கவாதம். வலது பாதி போயிற்று. கூடவே பேச்சு. மிச்சம் இருப்பவை இடது கையும் ‘ஆகட்டும்’ என்கிற ஒரு சொல்லும். கஞ்சிக்கு ஆகட்டும், மருந்துக்கு ஆகட்டும், போதகரின் ஜெபத்துக்கு ஆகட்டும். யோசித்தால், ஆபீசில் நானும் பல வருஷமாக இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

நாவிதர் தணிகாசலம் வீட்டுக்கு வந்து மழித்துவிட்டுப் போவார். போன மாதம் விஷக் காய்ச்சலில் அவர் போய்விட்டார். ஸ்டேஷன் பக்கத்துச் சலூன்காரர் வீடுகளுக்கு வருவதில்லை. ஆகவே இன்று என் பிளேடு ரேசர். மாமாவின் மோவாயில் மிளகு பருமனில் ஒரு மரு, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ரேசருக்கு மேடுபள்ளம் தெரியாது. மருவின் தலை போயிற்று. தலையணை உறை சிவப்பு. மாமா இடது கையால் என் காதோடு ஒன்று வைத்தார். பாதி ஆளுக்கு நல்ல பலம்.

எஸ்தர் வந்து உறையைப் பார்த்து, கோழி அடித்தீர்களா என்று கேட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

வெயில். வலது காது இன்னும் பாடுகிறது.

முடிவு: மடக்குக் கத்தி பழகுவது. மருவைச் சுற்றி வளைந்து போக அதனால்தான் முடியும். லைப்ரரியில் ஓர் இங்கிலீஷ் புத்தகம், ‘கனவான்களின் சுயசவரம்’ பற்றி ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறது. படங்களில் இருக்கும் கனவான்கள் எல்லோரும் ஏற்கெனவே மழித்த முகத்தோடு இருக்கிறார்கள்.

வேலை முடிந்து ஏரிக்கரையில் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கன்னியம்மா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோவில்பதாகையில் அக்கா வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம். கத்தி ஒன்று வேண்டும் என்றேன். தோல்பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். தேய்ந்து தேய்ந்து வாழைநார் அகலத்துக்கு வந்துவிட்ட கத்தி. பையின் அடியில் கறுப்புத் துணியில் சுற்றி இன்னொன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அகல அலகு, கொம்புப் பிடி, தேய்மானமே இல்லை. இதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றேன்.

“அது வாணாம் சார். அது வேற. இத எட்துகினு போ.”

நல்லதை மறைத்துப் பழையதைத் தள்ளிவிடுவது வியாபார உலகின் முதல் பாடம். கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்சில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனிடமா? பிடிவாதம் பிடித்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். பணம் நீட்டினேன். இதற்கு வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தீட்டுக்கல்லையும் தோல் வாரையும் சும்மாவே கொடுத்தாள்.

வெற்றியோடு வீடு திரும்பினேன்.

ஜூன் 28, சனி

வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

தீட்டுதல், நாலாம் நாள். புத்தகம் சொல்வது: அலகின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். வாய் முன்னால் போக வேண்டும். அழுத்தக் கூடாது. நான் செய்தது: முதுகைத் தூக்கினேன், அழுத்தினேன். கத்தி வாய் ரம்பமாயிற்று. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

கத்தியைத் துணியில் சுற்றி கம்பெனிக்கு எடுத்துப் போனேன். டூல்ரூம் ஏகாம்பரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். மண்ணூர்பேட்டை ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

“சார், நீங்க தீட்டல. பால் சட்டியில அடிப்பிடிச்சத சொரண்டிகினு கீறீங்க.”

கல்லிலும் குறை கண்டான். நடுவில் குழி விழுந்த கல்லில் நேரான வாய் வராதாம். மெஷினில் போட்டுக் கல்லைச் சமம் செய்து கொடுத்தான். பதிலுக்கு அவன் ஓவர்டைம் விண்ணப்பத்துக்கு நான் இலக்கணம் பார்த்தேன். இருவர் தொழிலும் கூர்மையானது.

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். மின்சாரம் போய்ப் போய் வந்தது.

கை பிடிபடுகிறது. கல்லில் தண்ணீர் விட்டு, எடை இல்லாமல், முதுகைக் கல்லோடு படுக்கவைத்துத் தள்ளினால் சத்தமே மாறுகிறது. முதலில் மணலில் செருப்பு. பிறகு பட்டுப் புடவை. பட்டு வந்ததும் நிறுத்த வேண்டும். பேராசைப்பட்டு மேலும் தள்ளினால் வாய் மெலிந்து சுருண்டுவிடும். அப்புறம் வாரில் முதுகு முன்னால் போக இழுக்க வேண்டும். அங்கே எல்லாம் தலைகீழ். கல்லில் வாய் முன்னே, வாரில் முதுகு முன்னே. மறந்து ஒரு தரம் வாரிலும் வாயை முன்னே விட்டேன். வாரில் ஒரு துண்டு குறைந்தது.

சோதனை: எஸ்தரின் சீப்பிலிருந்து ஒரு முடி. தொங்கவிட்டேன், கத்தியில் பட்டது. இரண்டாயிற்று. சத்தம்கூட இல்லை. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று எஸ்தரிடம் சொன்னேன். மறுக்கவில்லை.

உடனே என் கன்னத்தில் போட்டேன். மழிக்கவில்லை. சோப்பை வழித்து எடுத்தது, முடியைப் பிடித்து இழுத்தது, கண்ணில் தண்ணீர். அதே வாய், அதே நிமிஷம். திரும்பத் தொங்கும் முடி: இரண்டு. கன்னம்: இழுப்பு.

ஜூலை 6, ஞாயிறு

தூறல் மாதிரி ஏதோ. மண் நனையவில்லை.

எஸ்தர் ஆராதனையிலிருந்து இரண்டு செய்தி கொண்டுவந்தாள். ஒன்று, ஜோலார்பேட்டையிலிருக்கும் அவள் அண்ணன் இந்த மாதக் கடைசியில் அப்பாவைப் பார்க்க வருகிறான். இரண்டு, மனிதன் சந்திரனில் இறங்கப் போகிறான். முதலாவதுக்குத்தான் வீட்டில் ஏற்பாடுகள் அதிகம்.

கல்லின் சத்தம் கேட்டால் மாமா தலையைத் திருப்புகிறார். காட்டுவது வலது கன்னம். டாக்டர் சொன்னபடி அந்தப் பக்கம் அவரால் அசைக்க முடியாது என்பது என் நினைப்பு. டாக்டர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை போலும்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று மட்டும்.

டூல்ரூமில் ஏகாம்பரம் மறுபடி பார்த்தான். பூதக்கண்ணாடியில் வாய் கோடு போட்ட மாதிரி இருக்கிறதாம். தன் தலையிலிருந்து ஒரு முடி பிடுங்கி வெட்டிப் பார்த்தான். துண்டு. பெருமையோடு தன் முன்கையில் வைத்து இழுத்தான். ஒரு முடி போகவில்லை. தோல் சிவந்தது. மூன்று தரம் இழுத்தான். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா சார் இது. பிடுங்கிப் போட்ட முடிய வெட்டுது. முளைச்சிகினு கீற முடிய தொடமாட்டேன்றது.”

உலோகத்தில் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். அவன் உலோகம் தெரிந்தவன். கத்தியை மேஜைமேல் வைத்தான். என் கையில் கொடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில்.

ஆபீஸ் போகுமுன் மாமாவுக்கு மழித்தேன். எஸ்தர் பிடிவாதம். வேறு கத்தியும் இல்லை.

வலது கன்னம். பயந்துகொண்டே வைத்தேன். கத்தி தானாகப் போயிற்று. தழும்புக் குழிகளுக்குள் இறங்கி ஏறிற்று. சோப்புக்குக் கீழே முடி இருந்ததா என்றே சந்தேகம். காதிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு. சத்தம் இல்லை. துடைத்துப் பார்த்தால் தோல் பீங்கான் மாதிரி. பெருமை. கை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இடது கன்னம். ஒரு முடி போகவில்லை. மாமா முனகி என் மணிக்கட்டைப் பிடித்தார். மோவாயின் நடுக்கோட்டில், மருவுக்குச் சற்று வலப்புறம், வழுக்கல் நின்று இழுப்பு ஆரம்பிக்கிறது. கோடு கிழித்த மாதிரி.

விளக்கங்கள்:
அ. பக்கவாதப் பக்கத்தில் உணர்வு இல்லை. எதிர்ப்பும் இல்லை.
ஆ. அந்தப் பக்கத் தோல் தளர்ந்தது.
இ. கற்றுக்குட்டியின் இடப்பக்கக் கைவாக்கு கோணல்.
மூன்றும் நல்ல விளக்கங்கள். ஒன்றுகூட ஏகாம்பரத்தின் முன்கைக்குப் பொருந்தவில்லை.

மாமா ஒரு பாதி மாப்பிள்ளை, ஒரு பாதி சாமியார். எஸ்தர் சிரித்துவிட்டாள். மிச்சத்தை அப்புறம் செய்யுங்கள் என்றாள்.

ஜூலை 14, திங்கள்

இரவில் இடி. மழை செங்குன்றம் பக்கம் போய்விட்டது.

மிச்சத்தை இன்று காலை செய்தேன். கல்லில் நேற்றே போட்டு வைத்திருந்தேன், வாரிலும். வழுக்கல் மருவைத் தாண்டிவிட்டது. மருவைச் சுற்றி அழகாக வளைந்து போயிற்று, சொட்டு ரத்தம் இல்லை. இதற்காகத்தானே பழகினேன். இடது உதட்டோரம்வரை பீங்கான். அதற்கு மேல் இழுப்பு.

கத்தியைக் கழுவிவிட்டு என் கன்னத்தில் வைத்தேன். வலித்தது. காயம். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தேன். ரத்தம் வந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் இருக்க மாட்டான்.

காலைக் காப்பியை மாமா பிடிக்கும்போது டம்ளர் ஆடியது. இடது கை. எஸ்தர் வயசு என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. புழுதிக் காற்று. எல்லா அம்மன் கோயிலிலும் ஒலிபெருக்கி.

இன்று மழிக்கவில்லை. எஸ்தர் வாரம் ஒரு முறையாவது செய்யக் கூடாதா என்றாள். கல் உடைந்துவிட்டது என்றேன். கல் அலமாரியில் இருக்கிறது. முழுசாக.

சும்மா ஓர் ஆர்வத்துக்கு, சோப்புப் போடாமல் கத்தியின் முதுகால் மாமாவின் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். முதுகுதான். மாமா விலகினார். வலது கன்னத்தில் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். ஊரெல்லாம் ரேடியோவைச் சுற்றி. சந்திரனில் நாளை இறங்கிவிடுவார்களாம்.

சைக்கிளில் கோவில்பதாகை போனேன். கன்னியம்மா அக்கா வீட்டு வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நீட்டினேன். தொடவில்லை. முறத்தை நகர்த்தி என் கைக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

“அப்பவே சொன்னேனே சார், வேறன்னு. கேட்டியா.”

அவள் சொன்னது, அவள் சொன்னபடி சுருக்கமாக: தணிகாசலத்துக்கு இரண்டு கத்தி. தேய்ந்தது உயிரோடு இருப்பவர்களுக்கு. மற்றது, குளிப்பாட்டுவதற்கு முன்னால் பிணத்துக்கு முகம் மழிக்க. எந்தச் சாதி வீடானாலும், வேதக்காரர் வீட்டில் பெட்டியில் வைக்கும்போதும் அதுதான். இரண்டையும் ஒரே கல்லில் தீட்டுவார், ஒரே வாரில் போடுவார், மாற்றி மட்டும் எடுக்க மாட்டார். ஊரில் சாவு எத்தனை, சவரம் எத்தனை? அதனால்தான் ஒன்று தேய்ந்தது, ஒன்று தேயவில்லை. தேய்மானத்தை வைத்து நல்லதைத் தேர்ந்தெடுத்த மேதை நான்.

உயிருள்ளவர் முகத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ள என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“போவாது சார். எவ்ளோ தீட்னாலும் போவாது.”

“போனால்?”

உளுந்தைப் புடைத்தாள். உமி பறந்தது.

“யாருக்குப் போட்ட?”

எனக்குத்தான் என்றேன். என் கன்னத்துக் காயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிம்மதியானாள். அப்ப சரி, இழுக்குது இல்ல, இழுக்கிறவரைக்கும் ஒண்ணும் இல்ல என்றாள். மோர் கொடுத்தாள். தேய்ந்த கத்தியை அவள் தம்பி திருத்தணிக்கு எடுத்துப் போய்விட்டானாம். இதை என்ன செய்வது என்று கேட்டேன். தண்ணியில போடு என்றாள்.

திரும்பி வரும்போது அம்பத்தூர் ஏரியில் இறங்கினேன். ஏரியில் ஏரி இல்லை. வெடித்த மண், நடுவில் எருமைகள், கோலி ஆடும் பையன்கள். எறிந்தால் யாராவது எடுத்து என் கையிலேயே கொடுப்பார்கள். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எழுதுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை: எறிந்தால் நம்பிவிட்டேன் என்று ஆகிவிடும்.

புத்தக அலமாரியில், தத்துவ நூல்களுக்குப் பின்னால் வைத்தேன். அந்த வரிசையைத் தொடுபவர் இந்த வீட்டில் யாரும் இல்லை. என்னையும் சேர்த்து.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். சந்திரனில் இறங்கிவிட்டார்கள். அங்கே தூசிதான் இருக்கிறதாம். இங்கே வந்திருந்தால் செலவு மிச்சம்.

எஸ்தரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசனை. என்ன சொல்வது? உன் அப்பா முகத்தில் ஒரு கோடு நகர்கிறது என்றா? அவள் அழுவாள், போதகரைக் கூப்பிடுவாள். நான்தான் அவளுக்குப் பேய் இல்லை, சகுனம் இல்லை என்று பத்து வருஷமாகப் பாடம் எடுத்தவன்.

கத்தியைத் தொடாமல் இருந்தால் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாது. தெரியாத கோடு நகராது. இது என் தத்துவம். மாமா நன்றாகவே இருக்கிறார். கஞ்சி பாதி மீதி.

ஜூலை 24, வியாழன்

புழுக்கம். நெருப்புப்பெட்டி நமுத்துப்போயிற்று.

மாமாவுக்கு இடது கன்னத்தில் ஒரு மாதத்து வெள்ளைத் தாடி. வேடிக்கை என்னவென்றால், வலது பக்கம் மழித்த இடத்தில் இன்னும் முளைக்கவே இல்லை. எஸ்தர் அதைப் பார்த்து, உங்கள் கைவேலை அவ்வளவு சுத்தம் என்றாள்.

சலூன்காரரிடம் மறுபடி கெஞ்சினேன். இரட்டிப்புக் கூலி என்றேன். படுத்த ஆளுக்கு மழிப்பது ஆகாது சார் என்றார். பிளேடு ரேசரைக் காட்டியதும் மாமா இடது கையைத் தூக்கினார், ஆனால் அடிக்கவில்லை. கை பாதியில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இடது கையால் தாடியைத் தொட்டுக்காட்டி, “ஆகட்டும், ஆகட்டும்” என்றார். பிள்ளை வருகிற சமயத்தில் இப்படிக் கிடக்க அவருக்கு வெட்கம். எனக்குப் புரிந்தது. நாளைக்கு என்று சொன்னேன்.

எஸ்தர் சமையலறையிலிருந்து: “எங்க அண்ணன் வந்து பாத்தா என்ன சொல்லும்? மருமகன் வீட்டுல அப்பாவ அநாதை மாதிரி போட்டிருக்காங்கன்னுதானே?”

கல் உடைந்தது, கத்தியை ஏகாம்பரம் வாங்கிப் போனான், கையில் சுளுக்கு. ஒரே வாரத்தில் மூன்று பொய். மூன்றும் ஒன்றை ஒன்று தாங்காது. அவள் அடுப்புக்குத் திரும்பினாள். சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டாள். அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 26, சனி

மழை. ஒருவழியாக. மூன்று மணி சுமாருக்குப் பிடித்து எஸ்டேட் சாலை முழுக்க வெள்ளம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏரியிலும் தண்ணீர் நிற்கத் தொடங்கியிருக்கும். நாளை காலை முதல் வேலை அதுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஊதுவத்தி வாசனை. எஸ்தர் தலை பின்னி, நல்ல புடவை. அண்ணன் நாளைக் காலை வண்டியில். முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு பிரகாசம். உட்காரச் சொன்னாள். துண்டு கொடுத்தாள்.

“உங்கள நம்பினா அண்ணன் வந்துட்டுப் போயிடும். நானே பண்ணிட்டேன்.”

எது என்றேன்.

“அப்பாவுக்குத்தான். கத்தி ஏகாம்பரம் கிட்ட இருக்குன்னீங்க, உங்க அலமாரியத் தூசி தட்டினா புஸ்தகத்துக்குப் பின்னால இருக்கு. கல்லும் முழுசா இருக்கு. நல்ல ஆளுங்க நீங்க.”

தீட்டினாயா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“தீட்டவே இல்லையே. வார்ல கூடப் போடல. இதுக்கா ஒரு மாசம் கல்லத் தேய்ச்சீங்க? வச்சதும் வெண்ணெய் மாதிரி போச்சு.”

எந்தப் பக்கம்?

“எந்தப் பக்கமா? ரெண்டு பக்கமும்தான். மொதல்ல இடது பக்கம் வச்சப்ப என் கையப் பிடிச்சிக்கிட்டார். அப்புறம் தானா விட்டுட்டார். ஒரு கீறல் இல்ல. போய்ப் பாருங்க, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி தூங்குறார்.”

எப்போது முடித்தாள் என்று கேட்டேன். மழை தொடங்கினபோது என்றாள். மூன்று மணி.

காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். சரி, எழுப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு அண்ணனுக்குப் பாய் எடுத்துப் போடப் போனாள். சன்னமாக ஏதோ பாடுகிறாள்.

மழை விடவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காப்பி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஆறட்டும்.